பேசாத நிமிடங்கள்

மரஜானிஷ்விலி மெட்ரோ வாசலில்
எங்கள் கடைக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள்.
ஒன்றில் நீலக் கம்பெனி, ஒன்றில் ஆரஞ்சுக் கம்பெனி.
எந்தக் கதவால் நுழைந்தாலும்
உள்ளே நான்தான் நிற்பேன்,
லம்சிரா என்று பெயர் குத்திய சட்டையோடு.

நவம்பர். சாயங்காலம் ஐந்தேகால். மழை.
குடையை உதறிக்கொண்டு இருவர் வந்தார்கள்.
வழக்கம்போலத் தொடங்கினேன்:
நீலத்தில் மாதம் இரண்டாயிரம் நிமிடம் இலவசம்,
ஆரஞ்சில் இரவு பத்துக்கு மேல் எல்லையே இல்லை...
அந்தப் பெண் தன் காதைத் தொட்டாள்.
பிறகு, என்னைத் தேற்றுவதுபோல், என் தோளை.

என் வாயில் பாதிச் சலுகை மிச்சமிருந்தது.
விழுங்கினேன்.

கால்குலேட்டரில் விலை.
ரசீதின் முதுகில் பெயர்கள்: நானுலி, உஷாங்கி.
அவளுக்கு கில்தானியில் தையல் வேலை.
அவன் வாரத்தில் ஐந்து நாள் பத்தூமியில்,
ரயில் பெட்டி கழுவுகிறான்.
போன் எதற்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.
கேட்கவில்லை. காட்டினார்கள்.

காட்சிக்கு வைத்த இரண்டின் சங்கிலியையும் கழற்றச் சொல்லி
எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான் உஷாங்கி.
காவலாளி எழுந்தான்.
நானுலி தன் கைப்பையை அவன் மேஜைமேல் வைத்தாள், அடமானமாக.
எதிர்ச்சாரி ரொட்டிக்கடை ஜன்னல் விளிம்பில்
போனைச் சாய்த்துவைத்து அவன் நிற்க,
இங்கே என் போனைக் கடன் வாங்கி
அவள் பார்த்தாள்.

முதலில் விலை கூடிய கறுப்பு.
மாதத்தில் எட்டு விற்றால் எனக்கு போனஸ்.
அது அவனை அழகாக்கியது.
கன்னத்துப் பள்ளங்களை நிரப்பியது,
பத்து வயதைத் துடைத்தது,
அதே துணியால் விரல்களையும் துடைத்தது.
அவன் சொல்லச் சொல்ல
மணிக்கட்டுக்கு மேலே வெறும் புகை.
நானுலி உதட்டைப் பிதுக்கினாள்:
உளறுகிறான்.

அடுத்தது, அடித்தட்டில் கிடந்த சாம்பல் நிறம்.
முகம் உருளைக்கிழங்கு மாதிரிதான் தெரிந்தது.
ஆனால் கை!
ஒவ்வொரு கணுவும், நகத்தடி அழுக்கும்,
சுண்டுவிரல் கடைசியாக மடங்கும் அந்தத் தயக்கமும்.
கை பேசியது.
நானுலி விழுந்து விழுந்து சிரித்தாள்.
ரொட்டிக்கடைக்காரரைப் பற்றி ஏதோ வம்பு என்று நினைக்கிறேன்;
அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி சிம்.
இருவரும் கடையிலேயே நிற்க,
உஷாங்கி மெட்ரோவின் நகர்படியில் இறங்கினான் என்று எழுதலாம்;
உண்மையில் நானும் கூடவே போனேன்,
எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.
பாதி ஆழத்தில் ஆரஞ்சில் நானுலி உறைந்துபோனாள்,
ஒரு கை அந்தரத்தில், அரை வார்த்தையில்.
நீலம் நடைமேடைவரை வந்தது.
ஆகவே நீலம்,
வேண்டாத இரண்டாயிரம் நிமிடங்களோடு சேர்த்து.
அதைக் கழித்துத் தரமாட்டார்களாம்,
கேட்டுப் பார்த்தேன்.

அந்த மாதம் ஏழோடு நின்றது. போனஸ் கைநழுவியது.

டிசம்பரில் நானுலி வந்தாள்,
தனியாக, முகம் கடுகடுக்க.
தினம் காலை பத்துக்கு இது அதிர்கிறது,
யாரென்று பார் என்று நீட்டினாள்.
காத்திருந்தோம். பத்தாயிற்று. அதிர்ந்தது.
காதில் வைத்தேன்.
பதிவுசெய்த பெண்குரல், தேன் தடவியது:
அன்பான வாடிக்கையாளரே,
உங்களிடம் இன்னும் இரண்டாயிரம் நிமிடங்கள்
பேசப்படாமல் இருக்கின்றன.

எப்படிச் சொல்ல?
கால்குலேட்டரில் 2000 தட்டினேன்.
என் வாயைக் காட்டினேன். வாயைப் பூட்டினேன்.
சாவியை அவளிடம் கொடுத்தேன்.

அந்தச் சிரிப்பில் குரல் இருந்தது,
கரகரவென்று, பெரிதாக, கடை முழுக்க.
விலை கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு சாவியை, அந்த இல்லாத சாவியை,
கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு
ஆரஞ்சுக் கதவு வழியாக வெளியே போனாள்.